ஓடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளின் முன் பிறேக் கட்டைகளை மாற்றுவோர் கவனத்திற்கு

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்தின் வெள்ளிக்கிழமை இரவொன்றில், லண்டனின் வடமேற்குப் புறநகர்ப் பகுதியில் நிகழ்ந்த ஒரு சிறு விபத்து எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறவில்லை. இடம்பெறும் அளவிற்கு அதில் எதுவும் இருக்கவுமில்லை. எம்மவரான இளைஞர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் நடைபாதையோரத்துக் குப்பைத் தொட்டிகளில் மோதியது. ஒரு கண்ணாடி உடைந்தது. மணிக்கட்டு வீங்கியது. யாரோ ஒருவருக்குச் செல்லவேண்டிய இரவுணவு தெருவில் கொட்டுண்டது. அவ்வளவுதான். ஆயினும், அவர் திரும்பியிராவிட்டால் நேரே போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய சந்தியை அதே கணத்தில் ஒரு பேருந்து கடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தபோது, இதனை வாசகர்களுக்கு எடுத்துரைப்பது எமது கடமையென உணர்ந்தோம்.

அந்த இளைஞர் பகலில் ஒரு களஞ்சியசாலையிலும் மாலையில் உணவு விநியோகத்திலும் வேலை செய்பவர். அவரது 125 சிசி வண்டியின் முன் சில்லிலிருந்து ஒரு வாரமாக உராயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கராஜில் கொடுத்தால் கூலியும் செலவு, வேலையிழப்பும் செலவு. ஆகவே புதிய பிறேக் கட்டைகளை வாங்கிவந்து, வீட்டு வாசலில், கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் தாமே மாற்றினார். கடைசிப் போல்ற்றை இறுக்கி முடிக்கும் தறுவாயில் தொலைபேசியில் வேலைக்கான அழைப்பு வந்தது. கருவிகளைப் பைக்குள் போட்டுவிட்டுப் புறப்பட்டார். எண்பது யார் தூரத்தில் இருந்த முதற் சந்தியில் பிறேக் பிடியை இழுத்தார். பிடி எவ்விதத் தடையுமின்றி ஹாண்டில் வரை வந்து முட்டியது. வண்டி நிற்கவில்லை. பின் பிறேக்கை மிதித்தார். ஈரத்தெருவில் பின் சில்லு பூட்டுண்டு வழுக்கியது. இடப்புறம் திருப்பியதால் குப்பைத் தொட்டிகள் அவரைக் காப்பாற்றின.

இதில் கவனிக்கத்தக்க விடயம் யாதெனில், அவர் செய்த வேலையில் பிழையேதும் இருக்கவில்லை. கட்டைகள் சரியானவை. சரியாகவே பூட்டப்பட்டிருந்தன. போல்ற்றுகள் இறுகியிருந்தன. செய்யத் தவறியது அரை நிமிட வேலை ஒன்றை மட்டுமே. அந்த அரை நிமிடம் எது, அது ஏன் தேவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இளைஞரின் வீட்டுக்கு நாம் சென்றிருந்தபோது, முன்னர் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்தியவரும் இப்போது அதே தெருவில் வசிப்பவருமான பெரியவர் ஒருவரும் அங்கு வந்திருந்தார். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னர் இளைஞரைப் பார்த்து, “தம்பி, நீர் பூட்டினது எல்லாம் சரி. ஆனால் வேலை முடியேல்லை. முடியாத வேலையிலை ஏறி இருந்து ஓடியிருக்கிறீர்” என்றார். “இல்லை அண்ணை, எல்லாத்தையும் இறுக்கினனான்” என்றார் இளைஞர். “இறுக்கினா வேலை முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது? கழட்டும், முதலிலை இருந்து பாப்பம்” என்று பெரியவர் நிலத்தில் சாக்கை விரித்து அமர்ந்தார். அன்று இரண்டு மணித்தியாலங்களில் நாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, கைநூல்களோடு ஒப்புநோக்கி இங்கே தருகின்றோம்.

முன் பிறேக்கின் முக்கியத்துவம்

ஊரில் சைக்கிளோடிப் பழகிய எம்மில் பலருக்கு முன் பிறேக் என்றால் ஓர் அச்சமுண்டு. முன்னால் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சிறுவயதில் சொல்லப்பட்டதே அதற்குக் காரணம். ஆனால் மோட்டார் சைக்கிளில் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிறேக்கே செய்கின்றது. வேகம் குறையும்போது வண்டியினதும் ஓட்டுநரினதும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் ரயர் தெருவை இறுகப் பற்றுகிறது. பின் ரயரோ பாரம் குறைந்து வழுக்க ஆயத்தமாகிறது. மேற்சொன்ன இளைஞரின் பின் சில்லு வழுக்கியதற்கும் இதுவே காரணம்.

பிரித்தானிய வீதி ஒழுங்கு நூல் தரும் கணக்கின்படி, மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் வாகனம் நிற்பதற்கு 23 மீற்றர் தேவை. அதில் 9 மீற்றர் ஓட்டுநர் சிந்திக்கும் நேரத்திலும் 14 மீற்றர் பிறேக் பிடித்த பின்னரும் செல்கின்றன. வேகம் 60 மைலாக இரட்டிக்கும்போது மொத்தத் தூரம் 73 மீற்றராகிறது. பிறேக் பிடித்த பின்னர் செல்லும் தூரம் மட்டும் நான்கு மடங்கு ஆகிறது. 30 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு 13 மீற்றருக்கும் அதிகமாக வண்டி ஓடிவிடுகிறது. பிறேக் பிடி ஒரு விநாடி வெறுமையாக இருந்தாற்கூட அது மூன்று கார்களின் நீளத்திற்குச் சமமென்பதை நினைவிற் கொள்க.

பழைய சப்பாத்திலிருந்து இன்றைய கட்டை வரை

உராய்வினால் வண்டியை நிறுத்தும் எண்ணம் மிகப் பழையது. இங்கிலாந்தின் டர்பிஷயர் மலைப்பகுதிகளில் குதிரை வண்டிக்காரர்கள் சரிவில் இறங்கும்போது பழைய சப்பாத்தைச் சில்லுக்கு அணைகொடுத்து வேகத்தைத் தணிப்பதைக் கண்ட ஹேர்பேர்ட் ஃபுறூட் என்பவர், அதைவிட நல்லதொரு பொருளைச் செய்ய முனைந்து, 1897ஆம் ஆண்டில் உராய்வுக் கட்டைத் தொழிலைத் தொடங்கினாரென்று கூறுவர். சில்லோடு சுழலும் தகடொன்றை இருபுறமும் பற்றி நிறுத்தும் முறைக்கு 1902ஆம் ஆண்டில் பர்மிங்காமைச் சேர்ந்த பிரெடெரிக் லான்செஸ்ரர் காப்புரிமை பெற்றார். எனினும் மோட்டார் சைக்கிள்களில் அம்முறை பரவலாகியது 1969இல் ஹொண்டா நிறுவனம் சிபி 750 என்ற வண்டியை வெளியிட்ட பின்னரேயாகும்.

எமது ஊர்களில் ஓடிய எம்.டி. 90 போன்ற வண்டிகளில் இருந்தவை பேணி போன்ற உறைக்குள் இரண்டு அரைவட்டச் சப்பாத்துகள் விரியும் பிறேக்குகள். கம்பி இழுத்தது, சப்பாத்து விரிந்தது. கம்பியின் நட்டைச் சற்று முறுக்கினால் பிறேக் இறுகியது. அந்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய தகட்டுப் பிறேக்கைத் தொடுவோர் ஏமாறக்கூடும். இங்கே கம்பியில்லை. கம்பியின் வேலையைச் செய்வது திரவம்.

திரவம் செய்யும் வேலை

ஹாண்டிலில் பிறேக் பிடியோடு இணைந்து சிறிய சிலிண்டர் ஒன்று உண்டு. சில்லின் பக்கத்தில், தகட்டைக் கவ்வியபடி இருக்கும் கலிப்பருக்குள் பெரிய பிஸ்டன்கள் உள்ளன. இரண்டையும் இணைப்பது திரவம் நிரம்பிய ஒரு குழாய். சிறிய பிஸ்டனைத் தள்ளும் அழுத்தம் பெரிய பிஸ்டன் முழுவதிலும் பரவுவதால் விரலின் விசை பன்மடங்காகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய விதியே இது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை எட்டு மடங்காகக் கூடினால், நகரும் தூரம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். உதாரணமாக, அத்தகைய ஒரு வண்டியில் கலிப்பர் பிஸ்டன்களை 4 மில்லிமீற்றர் முன்னே கொண்டுவரவேண்டுமெனின், மேலேயுள்ள சிறிய பிஸ்டன் மொத்தம் 32 மில்லிமீற்றர் நகரவேண்டும். பிடியை ஒருமுறை முழுவதும் இழுத்தால் அது நகர்வதோ ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே.

இந்தக் கணக்கில்தான் அந்த இளைஞரின் விபத்து அடங்கியிருக்கிறது. தேய்ந்த கட்டைகளை எடுத்துவிட்டுத் தடித்த புதிய கட்டைகளை நுழைப்பதற்காக பிஸ்டன்களை உள்ளே தள்ளுகிறோம். பூட்டிய பின்னர் கட்டைக்கும் பிஸ்டனுக்கும் இடையே வெற்றிடம் இருக்கிறது. பிடியை மூன்று, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் அழுத்திய பின்னரே பிஸ்டன் முன்னே வந்து கட்டையைத் தகட்டோடு சேர்க்கும். அதுவரை அந்த வண்டிக்கு முன் பிறேக் என்பதே இல்லை.

எப்போது மாற்றவேண்டும்?

பலரும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கின்றனர். அது தவறு. இரும்பு இரும்போடு உராயும் சத்தம் கேட்குமெனின் காலம் கடந்துவிட்டதென்பதே பொருள். கட்டையின் உராய்வுப் பகுதி முற்றாகத் தேய்ந்து, அதைத் தாங்கும் இரும்புத்தகடு சில்லின் தகட்டைச் சுரண்டத் தொடங்கிவிட்டது. தகட்டின் விலை கட்டையின் விலையைப்போற் பன்மடங்கு என்பதால், சிக்கனம் கருதிக் காத்திருப்போர் ஈற்றில் இரட்டிப்பாக இழக்கின்றனர்.

வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் அல்லது ரோச் லைற்றின் உதவியோடு, கலிப்பரை முன்புறமிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். கட்டையின் உராய்வுப் பகுதியில் தேய்மான அடையாளமாக வெட்டப்பட்ட பள்ளமொன்று பெரும்பாலும் காணப்படும். அப்பள்ளம் மறையும் நிலைக்கு வந்தால், அல்லது உராய்வுப் பகுதி 2 மில்லிமீற்றரை நெருங்கினால், மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டு கட்டைகளையும் பார்ப்பது அவசியம். ஒன்று மற்றதைவிட விரைவாகத் தேய்ந்திருந்தால் கலிப்பர் தடையின்றி நகரவில்லை என்று அறியலாம். ஹாண்டிலில் உள்ள திரவக் குவளையின் மட்டம் மெல்லத் தாழ்ந்துகொண்டு வருவதும் தேய்மானத்தின் அறிகுறியே. திரவம் குறைந்துவிட்டதென்று எண்ணி உடனே ஊற்றி நிரப்புவோர், முதலில் கட்டையைப் பார்ப்பது நன்று.

வாங்கும்போது

வண்டியின் பெயர் மட்டும் போதாது. மாதிரியும் ஆண்டும் தெரியவேண்டும். ஒரே பெயருள்ள வண்டியில் இரண்டு ஆண்டுகளுக்கிடையில் கலிப்பர் மாறியிருக்கக்கூடும். ஆகவே பழைய கட்டையைக் கழற்றிப் புதியதோடு பக்கத்தில் வைத்து, வடிவமும் துளையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தபின்னரே பூட்டவேண்டும். பெயர் தெரியாத மிக மலிவான கட்டைகளைத் தவிர்ப்பதே நலம். உலோகத் துகள்களை அழுத்திச் சூடாக்கிச் செய்யப்படும் கட்டைகள் மழையிலும் நன்கு பிடிக்கும், நீண்டகாலம் உழைக்கும். ஆயின் எல்லா வண்டிகளின் தகட்டுக்கும் அவை பொருந்துவதில்லை. வண்டியின் கைநூல் எதைச் சொல்கின்றதோ அதையே வாங்குக.

திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்மவர் இதனை ‘பிறேக் ஒயில்’ என்றே அழைப்பதால், எண்ணெய் எதுவாயினும் சரிதானே என்று கருதுவோரும் உளர். எஞ்சின் ஒயிலை இதற்குள் ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிப் பழுதடைந்துவிடும். குவளையின் மூடியிலேயே எந்தத் திரவம் தேவையென்று பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது டொட் 4 ஆகும். புதிய டொட் 4 திரவத்தின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது நியமம். ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை தாழும். எனவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை முற்றாக மாற்றவேண்டுமென வாகன உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். திறந்து நெடுநாளாக அலுமாரியில் இருந்த போத்தலைப் பயன்படுத்தாதீர்கள்.

வேலை தொடங்குமுன்

தட்டையான நிலமும் பகல் வெளிச்சமும் வேண்டும். எஞ்சினும் தகடும் ஆறியிருக்கவேண்டும். வண்டியை உறுதியாக நிறுத்துக. எல்லாவற்றிலும் மேலாக, இடையூறற்ற இரண்டு மணித்தியாலங்கள் வேண்டும். “ரெலிபோனை வீட்டுக்குள்ளை வைச்சிட்டு வாரும்” என்பதே பெரியவர் அன்று இளைஞருக்கு இட்ட முதற் கட்டளை.

தேவையானவை பின்வருமாறு: வண்டிக்குப் பொருந்தும் ஸ்பனர்களும் அலன் சாவிகளும், தட்டை முனைத் திருகாணி முடுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர், பிறேக் சுத்திகரிப்புத் தெளிப்பான், பழைய பற்தூரிகை, பிறேக்குக்கென்றே செய்யப்பட்ட சிலிக்கோன் கிறீஸ், சுத்தமான பழந்துணிகள், ஒரு வாளி தண்ணீர், கையுறை.

கலிப்பருக்குள் சேர்ந்திருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள். முற்காலத்துக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. பிரித்தானியாவில் வெள்ளை அஸ்பெஸ்ரசும் 1999இல் தடைசெய்யப்பட்டது. இன்றைய கட்டைகளில் அது இல்லையாயினும், எந்த நுண்தூளும் நுரையீரலுக்கு நல்லதன்று. தெளிப்பானால் நனைத்துத் துடைப்பதே முறை.

கழற்றுதலும் பூட்டுதலும்

வண்டிக்கு வண்டி அமைப்பு மாறுபடும். 125 சிசி வண்டிகளில் பரவலாகக் காணப்படும், ஒரு புறத்தில் மட்டும் பிஸ்டன்கள் கொண்ட நகரும் கலிப்பரை வைத்தே இங்கு கூறுகின்றோம்.

முதலாவதாக, கட்டைகளைத் தாங்கும் நீண்ட ஊசியின் மூடியைக் கழற்றி, ஊசியை அரைச்சுற்று மட்டும் தளர்த்துக. கலிப்பர் வண்டியில் பூட்டப்பட்டிருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறுகிய ஊசியைத் திருக முயல்வோர் அதன் தலையைச் சிதைத்துவிடுகின்றனர். மாரிகாலத்தில் தெருவிற்கு இடப்படும் உப்பு இந்த ஊசியைத் துருவேற்றி இறுக்கிவிடும் என்பதால் இது மேலும் முக்கியமாகின்றது.

இரண்டாவதாக, கலிப்பரைத் தாங்கும் இரு போல்ற்றுகளையும் கழற்றி, கலிப்பரைத் தகட்டிலிருந்து மெல்ல விலக்குக. அதனைக் குழாயில் தொங்கவிடாதீர்கள். ஒரு கயிற்றினால் ஹாண்டிலோடு கட்டித் தாங்கவைக்கவும். இந்த நிலையில் பிறேக் பிடியைத் தப்பித்தவறியும் அழுத்தக்கூடாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் ஹாண்டில் பக்கம் வராமற் பார்த்துக்கொள்க.

மூன்றாவதாக, ஊசியை உருவிப் பழைய கட்டைகளை எடுக்குக. எது உட்புறம், எது வெளிப்புறம், மெல்லிய ஸ்பிரிங் தகடு எப்படி அமர்ந்திருந்தது என்பதைக் கவனித்து வைக்கவும். பின்னர் உட்பகுதியைத் தெளிப்பானாலும் தூரிகையாலும் சுத்தம் செய்க. பிஸ்டனின் வெளித்தெரியும் பகுதியில் அழுக்கு இருக்க அதனை உள்ளே தள்ளினால், அந்த அழுக்கு றப்பர் வளையத்தை அரித்துவிடும். ‘துடைக்காமல் தள்ளுவது, கால் கழுவாமல் வீட்டுக்குள் போவது போல’ என்று பெரியவர் சொன்னது எமக்குப் பொருத்தமாகவே பட்டது.

நான்காவதாக, பெற்றோல் தாங்கியின்மீது நனைத்த துணியை விரித்தபின் திரவக் குவளையின் மூடியைத் திறக்கவும். இத்திரவம் வர்ணப் பூச்சை அரிக்கவல்லது. சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். இப்போது பிஸ்டன்களைக் கைவிரலாலோ, பழைய கட்டையொன்றை அணையாக வைத்தோ மெதுவாக, நேராக உள்ளே தள்ளுக. தள்ளத் தள்ளக் குவளையில் திரவம் உயரும். வழிவதற்கு முன் மிகுதியைச் சிறிய ஊசிக்குழாயினால் உறிஞ்சி எடுக்கவும். பிஸ்டன் அசைய மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். அது வேறு வேலை; அதற்குரியவரிடம் கொடுக்கவேண்டிய வேலை.

ஐந்தாவதாக, கலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான இரு தண்டுகளையும் துடைத்து, சிலிக்கோன் கிறீஸை அளவாகப் பூசுக. கட்டையின் உராய்வு முகத்திலோ தகட்டிலோ கிறீஸ் சிறிதும் படக்கூடாது. கையுறையோடு கட்டையின் ஓரத்தைப் பிடித்து உள்ளே அமர்த்தி, ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்தியபடி ஊசியைச் செலுத்துக. கட்டையின் மறுமுனை அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யவும்.

ஆறாவதாக, கலிப்பரைத் தகட்டின்மீது நேராக நுழைத்து, போல்ற்றுகளை முதலில் கையால் முறுக்கி, பின்னர் கைநூல் குறிப்பிடும் அளவிற்கு இறுக்குக. இவ்வகை வண்டிகள் பலவற்றில் அது கலிப்பர் போல்ற்றுகளுக்கு 30 நியூட்டன் மீற்றர் அளவிலும், ஊசிக்கு 18 அளவிலும் இருக்கும்; எனினும் உங்கள் வண்டியின் கைநூலே இறுதித் தீர்ப்பு. இறுதியில் ஊசியின் மூடியைப் பூட்டுக. தகட்டைத் தெளிப்பானால் நனைத்துச் சுத்தமான துணியால் துடைக்கவும்.

அந்த அரை நிமிடம்

பெரும்பாலானோர் வேலை முடிந்துவிட்டதென எண்ணும் இடம் இதுவே. அன்றிரவு தொலைபேசி ஒலித்ததும் இந்த இடத்திலேயே.

பெரியவர் இளைஞரை அழைத்து, “இப்ப பிடியை இழும்” என்றார். இளைஞர் இழுத்தார். பிடி வெறுமையாக ஹாண்டிலில் போய் முட்டியது. சந்தியில் தாம் உணர்ந்த அதே வெறுமையை நின்ற இடத்தில் மீண்டும் உணர்ந்த அவரது முகம் மாறியதை நாம் கண்டோம். “இன்னொருக்கா.” சிறிது தடை. “இன்னொருக்கா.” மேலும் தடை. ஐந்தாம் முறை பிடி பாதிவழியில் கல்லைப்போல் நின்றது. “இப்பதான் வேலை முடிஞ்சுது” என்றார் பெரியவர்.

பிடியை மெதுவாகப் பலமுறை அழுத்தி, அது உறுதியாகும்வரை தொடரவேண்டும். பின்னர் திரவத்தின் மட்டத்தைப் பார்த்து, கீழ்க் கோட்டுக்கும் மேற் கோட்டுக்கும் இடையில் இருக்கச் செய்து மூடியைப் பூட்டுக. முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கையால் சுழற்றுக. இலேசான உராய்வோடு சுழன்று, பிடியை அழுத்தியவுடன் நிற்கவேண்டும். பிடியை ஒரு நிமிடம் இறுக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது மெல்ல உள்ளே அமிழ்கின்றதா, எங்காவது திரவம் கசிகின்றதா என்று பார்க்கவும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு அடி நடந்து பிறேக்கைப் பிடித்துப் பார்க்கவும். இவையனைத்தும் முடிந்த பின்னரே எஞ்சினை இயக்கவேண்டும்.

புதிய கட்டையின் முகம் தகட்டின் முகத்தோடு இசைவதற்கும் காலம் தேவை. வாகனம் குறைந்த தெருவொன்றில் 30 மைல் வேகத்திலிருந்து 10 மைல் வரை மிதமாகப் பிறேக் பிடித்து, விடுத்து, இடைவெளிவிட்டுப் பலமுறை செய்யவும். முதல் 100 மைல்வரை திடீர்ப் பிறேக்கைத் தவிர்த்து, முன்செல்லும் வாகனத்திற்கு வழமையைவிட அதிக இடைவெளி விடுவது நன்று. கட்டை மாற்றிய அன்றிரவே வேலைக்கு ஓடுவது உகந்ததன்று.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

தானே செய்வது நல்லது. தன் எல்லையை அறிந்து செய்வது அதனினும் நல்லது. பலமுறை அழுத்தியும் பிடி பஞ்சுபோல் மென்மையாக இருப்பின் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஈரம் தெரிந்தால் றப்பர் வளையம் பழுது. போல்ற்றின் மரை தேய்ந்திருந்தால், பிஸ்டன் அசையாவிட்டால், தகட்டில் ஆழமான கீறல் இருந்தால், அல்லது தகட்டின்மீது பொறிக்கப்பட்டிருக்கும் மிகக் குறைந்த தடிப்பிற்கும் கீழே அது தேய்ந்திருந்தால், வண்டியை ஓட்டிச் செல்லாது, ஏற்றிக்கொண்டு கராஜுக்குச் செல்லவேண்டும். அந்தக் கூலி வீண்செலவன்று. உறிஞ்சி எடுத்த பழைய திரவத்தையும் வடிகாலில் ஊற்றாது, போத்தலில் அடைத்து, உள்ளூராட்சிச் சபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கவும்.

வேலை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் பேச்சு ஊரை நோக்கித் திரும்பியது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்தவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். சிறிதளவு பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெண்புகையோடு ஓடிய அந்த வண்டிகளை எமது வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இல்லாததை வைத்துக்கொண்டு எதையும் சமாளிக்கும் அந்தத் திறமையைப் பற்றி நாம் பெருமையோடு குறிப்பிட்டபோது, அவர் தலையை அசைத்து மறுத்தார்.

“ஓடுறதுக்குச் சமாளிச்சனாங்கள். நிக்கிறதுக்கு ஒருநாளும் சமாளிக்கேல்லை. மண்ணெண்ணெயிலை எஞ்சின் நிண்டுபோனால் இறங்கித் தள்ளலாம். பிறேக் போனால் தள்ளுறதுக்கு ஆள் இராது. அங்கை சாமான் இல்லாமல் கஷ்டப்பட்டம். இஞ்சை எல்லாம் கிடக்கு. ஒரு அரை நிமிசம்தான் இல்லையெண்டு ஓடுறியள்.”

எம்மவர் பலரின் இன்றைய வாழ்வை அவ்வார்த்தைகள் சரியாகவே அளந்துவிட்டன என்று எமக்குத் தோன்றியது. ஊரில் கட்டவேண்டிய கடன், இங்கு செலுத்தவேண்டிய வாடகை, இரண்டு வேலைகளுக்கு இடையில் உறங்கும் ஐந்து மணித்தியாலம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களிடம் நின்று நிதானியுங்கள் என்று சொல்வது எளிது. ஆகவே நாம் அவ்வளவு பெரிய புத்திமதி எதையும் கூற முன்வரவில்லை. நாம் கேட்பது அரை நிமிடம் மட்டுமே. கட்டை மாற்றியவர்களுக்கு மட்டுமன்றி, நாள்தோறும் வண்டியில் ஏறும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். எஞ்சினை இயக்குமுன் பிறேக் பிடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது உங்கள் விரலுக்கு உறுதியான பதிலைத் தந்தால் புறப்படுங்கள். தராவிட்டால் எந்த அழைப்பு வந்தாலும் இறங்கிவிடுங்கள்.

அந்த இளைஞர் மறுநாள் மாலை வேலைக்குத் திரும்பினார். அவர் புறப்படுவதை வாசலில் நின்று பார்த்தோம். தலைக்கவசத்தை மாட்டி, ஏறி அமர்ந்து, திறப்பைத் திருப்புமுன் பிடியை மூன்றுமுறை அழுத்தினார். பின்னர்தான் எஞ்சின் ஒலித்தது.